சேந்தமங்கலம் வட்டார ஆட்டுக்கறிச் சமையல்

சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரப் பகுதியில் உள்ள பேரூராட்சி ஆகும். நாமக்கல் நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. இவ்வூர்ப் பக்கமிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது.

இப்பகுதி வீடுகளின் ஆட்டுக்கறிச் சமையல், சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களின் பொதுவான கொங்குச் சமையலைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய சரக்குகள் பலவும் அக்கம்பக்கத்திலேயே விளைகின்றன. மிளகு கொல்லிமலையில் மரங்களின் மேல் கொடியாகப் படர்ந்து வளர்கிறது. மஞ்சளுக்குப் பெயர்பெற்ற நாமகிரிப்பேட்டை அருகில் உள்ளது. சின்ன வெங்காயமும் நிலக்கடலையும் சமவெளியின் பயிர்கள்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளின் மாவட்டம் என்பதால் முட்டையும் கறிக்கோழியும் இங்கு எளிதில் கிடைக்கும். ஆட்டுக்கறி விலை மிகுந்தது. பெரும்பாலான வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் உரியது. அரைக் கிலோ வாங்கி நான்கைந்து பேர் சாப்பிடும் வீட்டில் கறி ரப்பர் போல வந்துவிட்டால் அந்த வாரத்துக்கு வேறு கறி இல்லை. அப்படி ஆகும்போது பழி பெரும்பாலும் மசாலாவின் மீது விழுகிறது. உண்மையில் கறி பூப்போல வேகுமா, இழுவையாக நிற்குமா என்பதை மசாலா தீர்மானிப்பதில்லை. ஆட்டின் வயது, உடலில் எந்தப் பகுதிக் கறி, வெட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று ஆகிய மூன்றுமே தீர்மானிக்கின்றன.

செம்மறியும் வெள்ளாடும்

ஆங்கிலச் சமையல் நூல்களில் 'லேம்ப்' என்பது ஒரு வயதுக்கு உட்பட்ட செம்மறிக் குட்டியின் கறி. 'மட்டன்' என்பது முற்றிய செம்மறியின் கறி. இந்தியாவில் மட்டன் என்ற சொல் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொதுவாகிவிட்டது. கடைப்பலகையில் எழுதியிருப்பதை வைத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளின் செம்மறி இனம் மேச்சேரி ஆடு. வெளிர் பழுப்பு நிறமும் குட்டையான மெல்லிய வாலும் கொண்டது. ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு இருப்பதில்லை. இதன் தோல் தோல்தொழிலில் உயர்வாக மதிக்கப்படுகிறது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கான ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வெள்ளாட்டில் இவ்வட்டாரத்துக்குரியது உடல் முழுதும் கருத்த சேலம் கருப்பு. 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்பகுதி ஆடு வளர்ப்போருக்கு அருகிலுள்ள அறிவுத்துணையாக விளங்குகிறது.

சமையலுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மேச்சேரி ஆடு கம்பளி ஆடு அன்று. அதன் உடலில் இருப்பது கம்பளிக்குப் பதிலாகக் குட்டை முடி. குளிர்நாட்டுக் கம்பளி ஆடுகளைப் போலத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இதற்குக் கிடையாது. வெள்ளாட்டுக்கு இன்னும் குறைவு. எனவே கொழுப்பு உருகிக் கறியை ஈரமாக வைத்திருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட மேல்நாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் நம் ஊர்க் கறி காய்ந்துபோகும். கொங்குச் சமையலில் எண்ணெயும் தேங்காயும் தாராளமாகச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

வயதைக் காட்டுவது பல். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் எட்டுப் பால்பற்கள் இருக்கும். ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் நடுவில் உள்ள இரண்டு விழுந்து அகலமான நிலைப்பற்கள் முளைக்கின்றன. சந்தையில் 'இரண்டு பல்' என்று சொல்வது இதைத்தான். பால்பல் மாறாத குட்டியின் கறி இளங்கறி. கடையில் பல் பார்க்க வழியில்லை என்றால் நிறத்தைப் பார்க்கலாம். இளங்கறி வெளிறிய சிவப்பாகவும் அதன் கொழுப்பு வெண்மையாகவும் இருக்கும். முற்றிய கறி அடர்சிவப்பு. விலா எலும்பை வெட்டிய இடம் இளசில் சிவந்தும் முற்றியதில் வெளுத்தும் தெரியும்.

கறி மென்மையாவது எப்படி

தசை நார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். ஆடு வளர வளர அதன் பின்னல் இறுகுகிறது. சூட்டில் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசுக்கு மேல் கொலாஜன் சுருங்கிப் பின் மெல்லக் கரையத் தொடங்கும். 80 டிகிரியைத் தாண்டினால் விரைவாகக் கரைந்து பசை போன்ற ஜெலட்டின் ஆகும். குழம்பு ஆறியதும் கெட்டிப்படுவதும் விரல்கள் ஒட்டுவதும் இதனால்தான்.

ஆக, ஓடி நடக்கும் கால், கழுத்து, முன்சப்பை போன்ற உழைக்கும் பகுதிகளுக்கு நீண்ட நேரமும் தண்ணீரும் வேண்டும். முதுகுக்கறிக்கு அவ்வளவு தேவையில்லை. ஈரலில் கொலாஜன் மிகக் குறைவு. அதை நீண்ட நேரம் வேகவைத்தால் மென்மையாவதற்குப் பதிலாகக் கட்டியாகும்.

திறந்த பாத்திரத்தில் இளங்கறிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமும், முற்றிய கறிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமும் பிடிக்கும். பிரஷர் குக்கரில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்வதால் இந்நேரம் வெகுவாகக் குறைகிறது. முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து இளங்கறிக்கு 10 முதல் 12 நிமிடம், முற்றியதற்கு 20 முதல் 25 நிமிடம் போதும். விசிலை எண்ணுவது நம்பத்தக்க கணக்கு அன்று. ஒரே குக்கர் தீயின் அளவைப் பொறுத்து பத்து நிமிடத்தில் மூன்று விசிலும் கொடுக்கும், ஏழும் கொடுக்கும். கடிகாரம் பார்ப்பது மேல்.

வெட்டிய நேரமும் கணக்கில் வரும். ஆட்டை அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைக்கின்றன. அதிகாலையில் அறுத்த ஆட்டின் கறி ஞாயிறு முற்பகலில் அடுப்பேறும்போது பல நேரம் இந்த விறைப்பில்தான் இருக்கும். 'நல்ல குட்டிக்கறிதான், ஆனாலும் வேகவில்லை' என்ற வீட்டுப் புகாருக்குப் பின்னால் இது இருக்கக்கூடும். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 5 டிகிரிக்குள் ஒரு நாள் வைத்தால், கறியில் இயல்பாகவே உள்ள நொதிகள் நார்களைத் தளர்த்திவிடும். வாங்கிவந்ததும் நேராக உறைபெட்டியில் வைத்தால் இந்தத் தளர்ச்சி நடக்காமல் நின்றுபோகிறது. அன்றன்று வெட்டிய கறியையே உயர்வாக எண்ணும் வழக்கம் சுகாதாரத்துக்கு ஏற்றது என்றாலும், மென்மைக்கு அதுவே சிறந்தது என்று சொல்வதற்கில்லை.

உப்பை முதலில் போட்டால் கறி வேகாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. உண்மை இதற்கு மாறானது. முன்கூட்டியே தடவிய உப்பு, கறி தன் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவுகிறது. முற்றிய கறிக்குப் பப்பாளிக்காய் விழுது சேர்ப்பது பயனுள்ள வழக்கம். அதிலுள்ள பப்பைன் புரதத்தை அறுக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம் போதும். கூடினால் கறியின் மேற்பரப்பு மாவாகக் குழைந்துவிடும்.

எந்தப் பகுதி எதற்கு

கிராமங்களில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அறுத்து, கறியைக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. தீபாவளியிலும் ஊர்ப் பண்டிகைகளிலும் இதைக் காணலாம். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி, எலும்பு, ஈரல், கொழுப்பு என எல்லாவற்றிலும் கொஞ்சம் விழும். பங்கு நியாயமாக அமைய இதுவே வழி. ஆனால் வெவ்வேறு நேரத்தில் வேகும் துண்டுகள் ஒரே சட்டியில் சேர்வதால் ஈரல் கல்லாகவும் கழுத்துக்கறி அரைவேக்காடாகவும் முடிவது உண்டு. வீட்டுக்கு வந்ததும் கூறைப் பிரித்து வைப்பது சமையலின் முதல் வேலை.

கழுத்தும் நெஞ்செலும்பும் சாற்றுக்கு ஏற்றவை. முன்சப்பை குழம்புக்கு உரியது. அதில் எலும்பும் கறியும் கொழுப்பும் கலந்திருப்பதால் குழம்பு தானாகவே திடம் பெறும். தொடைக்கறி வறுவலுக்கும் உருண்டைக்கும் ஆகும். விலாக்கறியைச் சாப்ஸ் என்பார்கள். நல்லி எலும்பு, உள்ளே இருக்கும் ஊனுக்காகக் குழந்தைகள் சண்டை போடும் பகுதி. சுவரொட்டி எனப்படுவது மண்ணீரல். கடைக்காரரிடம் 'அரைக் கிலோ கறி' என்று மட்டும் கேட்பதைவிட, 'குழம்புக்கு முன்சப்பையில் எலும்போடு அரைக் கிலோ' என்று கேட்பது அதே காசுக்கு நல்ல சாப்பாட்டைத் தரும்.

எலும்புச் சாறு

மலை மிளகின் மணத்தை இதில்தான் முழுதாக உணர முடியும். கால் கிலோ கழுத்து அல்லது நெஞ்செலும்பை ஒரு லிட்டர் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், இடித்த பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, உப்பு ஆகியவற்றோடு சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிட வேண்டும். தொடக்கத்தில் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டால் சாறு தெளியும். இரண்டு தேக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு ஆகியவற்றைக் கொரகொரப்பாக இடித்துப் பாதி வேக்காட்டில் சேர்ப்பார்கள். மேலும் அரைத் தேக்கரண்டி மிளகை அப்போதே இடித்து, அடுப்பை அணைக்கும்போது தூவ வேண்டும். மிளகின் காரம் கொதியில் நிற்கும், ஆனால் மணம் தரும் எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால்தான் இரண்டு தவணை. நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சாறு தயார். சளி பிடித்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதைக் கொடுப்பது வழக்கம். சாற்றில் வெந்த எலும்புக்கறியைத் தனியாக எடுத்து வெங்காயத்தோடு பிரட்டினால் ஒரே கறியில் இரண்டு பதார்த்தம் ஆகிவிடும்.

பள்ளிபாளையம் முறை வறுவல்

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் அறியப்படும் கோழி வறுவல் தமிழ்நாடு முழுவதும் உணவகப் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்டது. பல உணவகங்களில் அதில் மசாலாத்தூள் கலக்கிறார்கள். மூல முறையில் தூள் எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய், கறிவேப்பிலை ஆகியவை மட்டுமே. இந்த எளிமை இளம் ஆட்டுக்கறிக்கு மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் இளங்கறியின் மெல்லிய சுவை கனத்த மசாலாவில் காணாமல் போகும்.

அரைக் கிலோ தொடைக்கறியைச் சுண்டுவிரல் கனத்துக்குச் சிறு துண்டுகளாக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்து அரை தம்ளர் தண்ணீரில் முக்கால் வேக்காடாக வேகவைக்க வேண்டும். எட்டுப் பத்து வரமிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிட வேண்டும். விதையை விட்டுவைத்தால் காரம் மட்டும் எஞ்சும், மிளகாயின் இனிப்பு வாசம் தெரியாது. கடலை எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி காய்ந்ததும் மிளகாய், கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய 200 முதல் 250 கிராம் சின்ன வெங்காயம் என்ற வரிசையில் சேர்த்து வதக்கப்படும். வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் கறியை அது வெந்த நீரோடு கொட்டி, திறந்தே வைத்துச் சுண்டவிட வேண்டும். நீர் வற்றி எண்ணெய் பிரியும் தறுவாயில் மெல்லியதாகச் சீவிய கால் மூடித் தேங்காய்ச் சில்லைச் சேர்த்துப் பிரட்டி இறக்குவார்கள். பெரிய வெங்காயத்தில் நீர் அதிகம். அதைப் போட்டால் வறுவல் தொக்காகிவிடும்.

வறுத்து அரைத்த குழம்பு

கூறு போட்ட கலவைக் கறிக்கும் முற்றிய ஆட்டுக்கும் குழம்புதான் வழி. மூன்று மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, எட்டு வரமிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், சிறு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் தனித்தனியாக வறுத்து, வதக்கிய ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயத்தோடு நைசாக அரைக்க வேண்டும். கறியை வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு எண்ணெயில் புரட்டி அதன் நீர் வற்றும்வரை வதக்கிய பிறகே அரைத்த விழுதும் தண்ணீரும் சேர வேண்டும். அவசரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. கறி வெந்த பின் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும் ஒரு தேக்கரண்டி கசகசாவையும் அரைத்து ஊற்றி ஒரு கொதியில் இறக்குவார்கள். தேங்காயைச் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

இக்குழம்புக்கு ராகிக் களி பழைய துணை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் நெடுங்காலமாகப் பயிராகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு இச்சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. சாமைச் சோறு குழம்பை நன்றாக உறிஞ்சும் என்பதால் குழம்பைச் சற்றுத் தண்ணியாக வைப்பது நல்லது.

ஈரலும் நீர்க்கட்டியும்

ஈரலைச் சிறு துண்டுகளாக்கி, மிளகு, வெங்காயத்தோடு ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் வதக்கி முடிக்க வேண்டும். உள்ளே சிவப்பு மாறியதும் வெந்துவிட்டது என்று பொருள்.

வாங்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தெளிந்த நீர் நிறைந்த வெண்மையான கட்டிகள் தென்பட்டால் அவை ஒருவகை நாடாப்புழுவின் இளநிலை தங்கிய நீர்க்கட்டிகளாக இருக்கலாம். பலர் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தெருநாய்க்கு வீசிவிடுகிறார்கள். இதுவே மிகத் தவறான செயல். அந்தப் புழு முதிர்ந்து முட்டையிடுவது நாயின் குடலில்தான். நாயின் மலம் வழியாக முட்டைகள் புல்லுக்கும் தண்ணீருக்கும் மனிதர் கைக்கும் வருகின்றன. மனித உடலுக்குள் போனால் அதே கட்டி மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் ஆண்டுக்கணக்கில் வளரும். அறுவை மருத்துவம் வரை போக நேரிடும். கட்டியுள்ள உறுப்பை வாங்காமல் தவிர்க்க வேண்டும். வீட்டில் கண்டால் எரிக்கலாம் அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கலாம். இதுபோலவே, நோயுற்றுத் தானாகச் செத்த ஆட்டின் கறியை விலை மலிவு என்று வாங்கக்கூடாது. அடைப்பான் நோய்க் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை.

வெளிநாட்டு லேம்ப்

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் தமிழர்களுக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கம்பளி ஆட்டுக் குட்டியின் கறி. அதை ஊர்ச் செய்முறையில் வைத்தால் குழம்பின் மேல் விரற்கடை எண்ணெய் மிதக்கும். செம்மறி வாடை தூக்கலாக இருக்கும். அந்த வாடைக்குக் காரணமான கொழுப்பு அமிலங்கள் கொழுப்பில்தான் தங்கியிருப்பதால் வெளிக்கொழுப்பைச் சீவி எறிந்தாலே பெரும்பகுதி போய்விடும். எண்ணெயைப் பாதியாகக் குறைக்கலாம். தோள்கறி முன்சப்பைக்கு ஈடு, அது குழம்புக்கு ஆகும். குக்கரில் எட்டு நிமிடத்திலேயே வெந்துவிடுவதும் உண்டு.

மீந்த கறி

பச்சைக் கறியை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கோடையில் அதற்கும் குறைவு. கழுவும்போது குழாயடியில் தண்ணீர் தெறித்தால் கிருமிகள் அருகிலுள்ள பாத்திரங்களுக்குப் பரவும். எனவே ஒரு பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, அரிவாள்மனையையும் பலகையையும் சோப்பால் தேய்ப்பது முறை. ஞாயிறு மதியக் குழம்பை இரவு வரை அடுப்பிலேயே வைத்து மறுநாள் சூடாக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மையன்று. சில கிருமிகளின் வித்துகள் முதல் கொதியைத் தாங்கிக்கொண்டு, குழம்பு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் பெருகுகின்றன. குழம்பைச் சிறு பாத்திரங்களில் பிரித்து விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். திங்கட்கிழமை காலை இட்லிக்கு அந்தக் குழம்பு முந்தைய நாளைவிடச் சுவையாக இருப்பது, இரவெல்லாம் கறித்துண்டுகளில் உப்பும் மசாலாவும் ஊறியதால்தான்.